டப்பாவில் வைத்த பாட்டு

பத்மஜா மிஸ்ஸிடமிருந்து போன் வந்தபோது நான் மூன்றாம் மாடி மாமியின் குரலில் பேசிக்கொண்டிருந்தேன்.

மாட்டுங்காவில் நம்பிராஜன் அண்ணாச்சியின் மளிகைக் கடையில் எனக்குப் போன் வேலை. வீட்டிலிருந்தே சாமான் சொல்கிறவர்களின் ஆர்டரைக் கேட்டு எழுதி, அவர்களுக்கே ஒரு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, டெலிவரிக்குப் போகும் சைஃபிடம் சீட்டைக் கொடுக்க வேண்டும். போனை வைத்ததும் நான் இரண்டாவது தடவை திருப்பிச் சொல்வேன். அது கடையில் இருப்பவர்களுக்காக. "பெருங்காயம் கட்டியா இருக்கணும்டீ, போன தடவை மாதிரி தூளைக் குடுத்து ஏமாத்தப்படாது" என்று மூக்கால் இழுத்தால் அண்ணாச்சி துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார். என் பெயர் செண்பகவல்லி, கடையில் வல்லி. எந்தக் குரலும் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், என் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

பத்மஜா மிஸ் என் மகள் கோகிலவாணியின் கிளாஸ் டீச்சர். கோகிலா செம்பூரில் ஏழாவது படிக்கிறாள். மிஸ் நெருளிலிருந்து வருகிற தமிழ்க்காரர்தான், ஆனால் அன்றைக்கு இங்கிலீஷில் ஆரம்பித்தார். அப்போதே விஷயம் நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது. கூடப் படிக்கும் ஜான்சியைக் கேலி செய்து கோகிலா ஒரு வாய்ஸ் கிளிப் அனுப்பியிருக்கிறாளாம். அது குரூப் குரூப்பாகத் தாவி, பள்ளியைத் தாண்டிப் போய்விட்டதாம். ஜான்சி ஒன்பது நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. கோகிலாவைக் கூப்பிட்டுக் கேட்டதும், "என் குரல்தான்" என்று ஒப்புக்கொண்டு கைப்பட எழுதியும் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு பிரின்சிபாலைப் பார்க்க வர வேண்டும். ஜான்சியின் அம்மாவும் வருவார். எல்.சி., அதாவது நம் ஊர் டி.சி., கொடுத்து வெளியே அனுப்பிவிடலாம் என்று பிரின்சிபால் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கிளிப்பில் என்ன பேசியிருக்கிறாள் என்று கேட்டேன். போனில் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது, நேரில் வாருங்கள் என்றார் மிஸ். அதற்குப் பிறகு வந்த ஆர்டரில் துவரம்பருப்புக்குப் பதில் கடலைப்பருப்பு எழுதினேன்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தாராவியில் இருக்கும் வீட்டுக்குப் பத்து நிமிஷத்தில் நடந்து போகிறவள் அன்றைக்கு ஆறு நிமிஷத்தில் போனேன். கோகிலா பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவள் போனைப் பிடுங்கி, அதில் இருந்த குரூப், படம், பேச்சு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தேன். எதையும் திறந்து பார்க்கவில்லை, கேட்கவில்லை. அந்த அசிங்கம் என் காதில் விழ வேண்டாம் என்று நினைத்தேன். அதோடு விட்டேனா, டிவிக்குப் பின்னால் கையை விட்டு கேபிளையும் இழுத்துப் போட்டேன். தோல் பை தைக்கும் பட்டறையிலிருந்து வந்த மாரீஸ்வரன், என் வீட்டுக்காரர், இருண்டு கிடந்த டிவியைப் பார்த்து, வீட்டில் யாரும் செத்துவிட்டார்களா என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். போனை வாங்கிக் கொடுத்தது யார் என்றார். ஆன்லைன் கிளாஸுக்கு வாங்கச் சொன்னது யார் என்றேன். அவர் என்னைச் சொல்ல, நான் டிவியைச் சொல்ல, கோகிலா எழுதுவதை நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தாள். நான்கு அடி அடித்தால்கூட வாங்கிக்கொள்கிற மாதிரி முதுகைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னைப் போலத்தான். போன வருஷம் ஆண்டு விழாவில் எல்லா டீச்சர்களையும் போலப் பேசிக் காட்டிக் கோப்பை வாங்கினாள். பிரின்சிபாலே கைதட்டினார். அப்போது அது திறமை, இப்போது எல்.சி. என்று எனக்குப் பள்ளிக்கூடத்தின் மேலும் எரிச்சல் வந்தது.

மறுநாளிலிருந்து கடையே பட்டிமன்றம் ஆகிவிட்டது. நான் டிவி, ரீல்ஸ், காமெடி நிகழ்ச்சி எல்லாவற்றையும் கூண்டில் ஏற்றினேன். ஒருத்தன் குண்டாக இருந்தால் சிரிப்பு, கறுப்பாக இருந்தால் சிரிப்பு, திக்கினால் சிரிப்பு, இதைத்தானே காலையிலிருந்து காட்டுகிறான், பிள்ளை வேறு எதைக் கற்றுக்கொள்ளும் என்றேன். அண்ணாச்சி என் கட்சி. ஆர்டர் சொல்ல போன் பண்ணிய மாமிகளும் என் கட்சி. ஒரு மாமி தன் பேரனைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். சைஃப் மட்டும் சேரவில்லை. அவன் எதிலும் சேர மாட்டான். நாற்பது வயது, மூன்று பெண் குழந்தைகள், வாயில் எப்போதும் ஏலக்காய். சாக்கை சைக்கிளில் கட்டிக்கொண்டே இந்தியில் சொன்னான்: நான் சாமானைக் கொண்டு போய்க் கொடுக்கிற ஆள், அழுகின தக்காளி போய்ச் சேர்ந்தால் என்னைத் திட்டுவாயா, பையில் போட்டுக் கட்டினவனைத் திட்டுவாயா? போனும் என்னை மாதிரிதான் தீதி.

அவனைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

நடுவில் ஜான்சியின் அம்மா அன்னத்தாய்க்கு நான்கு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. அவள் எனக்கு வெறும் பழக்கம் இல்லை. சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்தவள், கோவண்டியில் குடியிருக்கிறாள், செம்பூரில் ஓர் ஆபீஸில் கூட்டித் துடைக்கிற வேலை. பட்டன் போன்தான் வைத்திருக்கிறாள். மூன்று வருஷம் முன்னால் அட்மிஷன் வரிசையில், "இந்த ஃபாரத்துல எங்கனக்கா கையெழுத்துப் போடணும்?" என்று அவள் கேட்ட தமிழைக் கேட்டதுமே எனக்கு ஒட்டிக்கொண்டது. அவளுக்கு இந்தி சரியாக வராது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் எந்தக் கூட்டம் என்றாலும் அவளுக்கு வாய் நான்தான். அவள் பிள்ளையைப் போய் என் பிள்ளை கேலி செய்திருக்கிறாள். எந்த முகத்தோடு போய் நிற்பது என்று உருண்டுகொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம். சைஃப் தன் போனோடு என் மேஜைக்கு வந்தான். குர்லாவில் படிக்கிற அவன் அக்கா மகளுக்கு யாரோ அனுப்பி, அவள் இவனுக்கு அனுப்பினாளாம். சிரித்துக்கொண்டே வந்தான்.

"தீதி, இது உங்க ஆவாஜ், உங்க குரல்தானே?"

போட்டான். ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. முதலில் குக்கர் விசில். அது என் குக்கர். அது நிற்கப் போகும்போது உஸ்ஸென்று ஒரு இழுப்பு இழுக்கும், வாஷர் போன குக்கர். அப்புறம் ஒரு பெண் இந்தி பேசினாள், அன்னத்தாய் பேசுகிற இந்தி. அதற்குப் பின்னால் இரண்டு ஆண்கள் சிரித்தார்கள். ஒருவர் மாரீஸ்வரன், இன்னொருவர் அவரோடு பட்டறையில் வேலை செய்யும் ராஜபாண்டி.

பேசியது நான்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புரியாது. இந்தியில் சாப்பாடும் கானா, பாட்டும் கானா. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. வாயில்தான் வித்தியாசம். சாப்பாட்டுக்கு, 'கல்'லில் வருகிற க, கூடக் கொஞ்சம் மூச்சு விட வேண்டும். பாட்டுக்கு, 'கங்கை'யில் வருகிற க. அன்னத்தாய் வந்த புதிதில் வண்டியைக் குறிக்கிற 'காடி'யை 'கல்'லின் க போட்டுச் சொல்லி, வேலை இடத்தில் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து அவளுக்கு ஒரு பயம். இந்தியில் எந்தக் க வந்தாலும் கங்கையின் க போட்டுவிடுவாள்.

போன மாதம் பெற்றோர் கூட்டம். கடையில் பண்டிகை நெரிசல், நான் போகவில்லை. தமிழ் தெரிந்த பத்மஜா மிஸ்ஸும் அன்று லீவு. பிரின்சிபால் ஒவ்வொருவரையும் எழுந்து பிள்ளையைப் பற்றிச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அன்னத்தாய் எழுந்து, "மேரா லட்கி கானா நஹி காத்தா" என்றாள். என் பெண் சாப்பிடுவதில்லை என்று சொல்ல வந்தவள், பாட்டுப் பாடுவதில்லை என்று சொல்லியிருக்கிறாள். பிரின்சிபால், பரவாயில்லை, எல்லாப் பிள்ளையும் பாட வேண்டும் என்று கட்டாயமில்லை என்றாராம். இவள் பதறிப்போய், இல்லை மேடம், பாடாவிட்டால் செத்துப்போவாள், நான் காலை நாலு மணிக்கு எழுந்து பாட்டு செய்து டப்பாவில் வைத்து அனுப்புகிறேன், அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள், நானே ராத்திரி அந்தப் பாட்டைத் தின்கிறேன் என்றிருக்கிறாள். கூட்டமே சிரித்திருக்கிறது. பிரின்சிபாலும் ஃபைலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாராம்.

அன்றைக்கு மாலையே எனக்குப் போன் பண்ணினாள். "யக்கா, நான் என்னத்தச் சொல்லிட்டேன்னு எல்லாரும் அப்படிச் சிரிச்சாவ?" என்றாள். என்ன சொன்னாய், அப்படியே திருப்பிச் சொல்லு என்றேன். சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு தடவை சொல்லு என்றேன், அதற்குப் பிறகுதான் உன் வாயில் சாப்பாடு பாட்டாகிவிட்டது என்று சொன்னேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டாவது தடவை நான் கேட்டது அவளுக்காக இல்லை. என் தொண்டைக்காக.

அடுத்த ஞாயிறு ராஜபாண்டி சாப்பிட வந்திருந்தார். கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் போலவே ஒரு தோளைச் சாய்த்து, அவள் போலவே வார்த்தைக்கு வார்த்தை சேலைத் தலைப்பைத் திருகி, நான் செய்து காட்டினேன். இரண்டு பேருக்கும் புரையேறியது. கோகிலா கதவோரம் போனோடு நின்றாள். படம் எடுக்கிறாள் என்று நினைத்தேன். நன்றாகத் தெரிய வேண்டுமே என்று வெளிச்சம் விழுகிற பக்கம் கொஞ்சம் திரும்பிக்கூட நின்றேன்.

சைஃபிடம், இது யாருக்கும் போட்டுக் காட்டாதே என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து அவனும் சிரிப்பை நிறுத்திவிட்டான். தலைவலி என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்குப் போகிறவள் எதிர்த் திசையில் தாதர் வரைக்கும் நடந்து, பூ மார்க்கெட் நெரிசலில் இடிபட்டு, ஏன் வந்தேன் என்று தெரியாமல் திரும்பி நடந்தேன். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. நின்றால் அந்தக் குக்கர் விசில் கேட்டது.

கோகிலா பள்ளியிலிருந்து வந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தேன்.

"ஏட்டி, அது என் குரல். நீ ஏன் உன் குரல்னு எழுதிக் குடுத்த?"

அவள் டப்பாவைக் கழுவுவதை நிறுத்தவில்லை. தனக்கு எல்.சி. கொடுத்தால் வேறு ஸ்கூல் இருக்கிறது, மம்மியை எல்லோரும் கேவலமாகப் பேசினால் என்ன செய்வது என்று, பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் சொன்னாள். ஒரே ஒரு சிநேகிதிக்குத்தான் அனுப்பினாளாம். கேலிக்கு இல்லை. என் மம்மி எவ்வளவு சூப்பராகப் பேசுகிறாள் பார் என்று காட்டத்தான் அனுப்பினாளாம். எனக்குக் கண் முட்டிவிட்டது. அதற்குப் பிறகு அது எல்லோருக்கும் போய், மத்தியானம் ஜான்சி டப்பாவைத் திறந்தால் வகுப்பே சேர்ந்து பாட ஆரம்பித்திருக்கிறது. ஒரு நாள் இல்லை, தினமும். ஜான்சி டப்பாவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். அப்புறம் வருவதையும் விட்டுவிட்டாள்.

"நீயும் பாடினியா?"

"பாடினேன்." டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்க எல்லாரும் அன்னைக்கு அவ்ளோ சிரிச்சீங்க. அதனால அது தப்புன்னு எனக்குத் தோணல மம்மி" என்றாள்.

அவளை அடிக்க ஓங்கிக்கொண்டு மூன்று நாள் அலைந்த கை அது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கழுவிய டப்பாவை வாங்கித் துடைத்தேன்.

மாரீஸ்வரன் கேட்டதும் முதலில் தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் கணக்காகப் பேசினார். பிள்ளை என்றால் காலில் விழுந்தால் விட்டுவிடுவார்கள், பெரியவள் நீ செய்தாய் என்றால் யார் விடுவார்கள்? நாளைக்கு மாட்டுங்கா மாமிகளுக்குத் தெரிந்தால், தங்களைப் பற்றியும் இப்படித்தான் பேசுகிறாள் என்று சொல்ல மாட்டார்களா? அண்ணாச்சி வைத்துக்கொள்வாரா?

"நாளைக்கு அங்க போயி வாயைத் தொறக்காத வல்லி. மன்னிப்பு மட்டும் கேளு."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது, வெட்கம் கெட்டுப்போய்ச் சொல்கிறேன். பிள்ளை ஏற்றுக்கொண்டுவிட்டாள், அப்படியே இருக்கட்டும் என்று ஒரு மனம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை உனக்காகப் பழி சுமக்கிறாள், நீ பஞ்சாயத்துப் பேசிக்கொண்டு திரிந்தாய் என்று ஒரு மனம். காலையில் சயானிலிருந்து பஸ் ஏறியும் உட்கார முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே கோகிலாவை இழுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன்.

அன்னத்தாய் எங்களுக்கு முன்னாலேயே வந்து பிரின்சிபால் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் வேலைக்குக் கட்டுகிற நீலச் சேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வந்துட்டியளாக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி பேச ஆள் வந்துவிட்டது என்கிற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. போன் கெட்டுப்போய் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறாளாம், அதுதான் எடுக்கவில்லை. அவளுக்கு எதுவுமே தெரியாது. ஏதோ கேலி செய்தார்கள் என்று மட்டும் தெரியும். என்ன கேலி என்று ஜான்சி வாயைத் திறக்கவில்லையாம். "நீ ஸ்கூலுக்கு வராத, வந்தா பேசாத" என்று மட்டும் அழுகிறாளாம். "நான் என்னக்கா செஞ்சேன்? எம்மேல ஏன் கோவப்படுதா?" என்று என்னையே கேட்டாள்.

பிரின்சிபால் இந்தியில் ஆரம்பித்தார். இது இந்தக் காலத்து வியாதி, சோஷியல் மீடியா குழந்தைகளின் மனசாட்சியைத் தின்றுவிட்டது என்றார். பத்மஜா மிஸ் அன்னத்தாய்க்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்று நாளாக நான் கடையில் முழங்கிய அதே பேச்சுதான். இன்னொருவர் வாயில் கேட்டபோது அது எவ்வளவு வசதியான பேச்சு என்று தெரிந்தது. கிளிப்பை இங்கே போட வேண்டாம், இந்த அம்மா மனசு கஷ்டப்படும் என்றும் அவரே சொன்னார். கோகிலா எழுதிக் கொடுத்த காகிதம் மேஜை மேல் இருந்தது. எல்.சி. ஃபாரமும் அதன் கீழே இருந்தது. எனக்கு அதன் ஓரம் தெரிந்தது.

"அது என் குரல் மேடம்" என்றேன். "அவ குரல் இல்ல."

கோகிலா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டார். அம்மாக்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், போன மாதம் ஒரு அப்பா வந்து ஜன்னல் கண்ணாடியைத் தானே உடைத்தேன் என்றார், உங்கள் பாசம் புரிகிறது, ஆனால் பொய் சொல்லி அவளை இன்னும் கெடுக்காதீர்கள் என்றார். ஆண்டு விழாவில் அவள் செய்ததை ஸ்கூலே பார்த்திருக்கிறது என்றார். குக்கரைச் சொன்னேன், சிரித்த ஆட்களின் பெயரைச் சொன்னேன். யார் வீட்டிலும் குக்கர் இருக்கும் என்றார் பிரின்சிபால். பத்மஜா மிஸ் தயங்கித் தயங்கி என் பக்கம் திரும்பினார்.

"உங்க குரல்தான்னா, அதை இங்க ஒரு தடவை பேசிக் காட்ட முடியுமா?"

அன்னத்தாய் என் கையை இன்னும் விடவில்லை.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். பினாயிலில் ஊறி வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்த கை. இந்தப் பக்கம் என் பிள்ளை. வாயை மூடிக்கொண்டால் அவள் வெளியே போவாள். திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மெதுவாகக் கையை உருவிக்கொண்டேன். கொஞ்சம் மோசமாகச் செய்யலாம், குரல் ஒத்துப்போனால் போதும், கேலி தெரியாமல் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் 'மேரா லட்கி' என்று ஆரம்பித்ததுமே தொண்டை தன் வேலையைக் காட்டிவிட்டது. தோள் தானாகச் சாய்ந்தது. விரல் தானாகத் தலைப்பைத் திருகியது. பாடாவிட்டால் செத்துப்போவாள், நாலு மணிக்கு எழுந்து பாட்டு செய்தேன், டப்பாவில் வைத்தேன், நானே தின்றேன், எல்லாம் வரிசையாக, அச்சாக, அவள் குரலில், அவளுக்கு எதிரே நின்று.

முடித்தபோது பிரின்சிபாலின் உதட்டோரம் துடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, சட்டென்று மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடுவது போலக் குனிந்தார். அன்னத்தாய் அதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் என் முன்னால் சிரித்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். சிரிக்கப்பட்டவள் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"நான் இப்படித்தான் பேசுதேனாக்கா?"

"இல்ல" என்றேன். அது பொய் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

பிரின்சிபால் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. எல்.சி. வேண்டாம், அனுப்பியதற்கும் பாடியதற்கும் கோகிலா ஒரு வாரம் வீட்டில் இருக்கட்டும், வகுப்பு முன்னால் ஜான்சியிடம் மன்னிப்புக் கேட்கட்டும் என்று சுருக்கமாக முடித்தார். என்னை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கு ஃபாரம் இல்லை. கோகிலா யாரும் சொல்லாமலே அன்னத்தாய் முன்னால் போய் நின்று, "சாரி ஆன்ட்டி" என்றாள். அன்னத்தாய் அவள் தலையில் கையை வைத்து, மத்தியானம் ஜான்சி கூட உட்கார்ந்து சாப்பிடு என்று சொன்னாள். பிள்ளையை அவளால் மன்னிக்க முடிந்தது.

அவள் வெளியே நடந்ததும் நான் பின்னாலேயே ஓடி, மாடிப்படி திருப்பத்தில் அவளைப் பிடித்தேன். மன்னிச்சிரு, தெரியாம செஞ்சிட்டேன் என்று என்னென்னவோ சொன்னேன். தெரியாமல் செய்யவில்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. இரண்டு படி கீழே நின்று, நான் முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்து கேட்டாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு அவ்வோ ஏன் சிரிச்சாவன்னு உங்ககிட்ட கேட்டேன், சொன்னிய" என்றாள். "சரியா எப்படிச் சொல்லணும்னு சொல்லித் தரலியேக்கா."

இறங்கிப் போய்விட்டாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். உள்ளங்கையை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும், கையில் மூச்சு பட்டால் அது சாப்பாடு, படாவிட்டால் பாட்டு. அவ்வளவுதான். அன்றைக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாம். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.